பர்கரை ஒருநாள் தள்ளிப்போடுங்கள்

முதல் தடவை அமெரிக்கா போனபோது, விமானத்தை விட்டு இறங்கி அரைநாள்கூட ஆகியிருக்காது, நெடுஞ்சாலையோரப் பெட்ரோல் பங்க் கடை ஒன்றில் தாகத்துக்கு ஏதாவது குடிக்கலாம் என்று ரூட் பியர் என எழுதியிருந்த பாட்டிலை எடுத்தேன். பியர் என்ற பெயரைப் பார்த்ததும் கொஞ்சம் தயக்கம். கூட வந்த அத்தை மகன், "அதுல போதையெல்லாம் இல்ல மாப்ள, சும்மா குடி" என்றான். ஒரு வாய் குடித்தேன். பாட்டி முட்டிக்குத் தேய்த்துக்கொள்கிற தைலத்தில் சர்க்கரையைக் கரைத்து, சோடா அடித்து, ஐஸில் வைத்துக் கொடுத்த மாதிரி இருந்தது.

அவன் விழுந்து விழுந்து சிரித்தான். அவனும் வந்த புதிதில் அப்படியே முகம் சுளித்தவன்தானாம்.

பிறகு தேடிப் படித்தபோதுதான் தெரிந்தது, இது என் நாக்கின் பிழை இல்லை. ரூட் பியரில் முன்பெல்லாம் சாசஃப்ராஸ் என்ற மரத்தின் வேர்ப்பட்டைதான் பிரதானம். 1876இல் ஃபிலடெல்ஃபியாவில் நடந்த பெரிய கண்காட்சியில் சார்லஸ் ஹயர்ஸ் என்ற மருந்துக்கடைக்காரர் இதைப் பிரபலப்படுத்தினார். அந்தப் பட்டையில் இருக்கும் சாஃப்ரோல் என்ற பொருள் எலிகளுக்குப் புற்றுநோய் உண்டாக்குகிறது என்று தெரிந்ததும் 1960இல் அரசு அதற்குத் தடை போட்டது. அதற்குப் பிறகு அந்த வாசனையை வேறு சரக்குகளை வைத்து ஒப்பேற்றுகிறார்கள். அவற்றில் விண்டர்கிரீன் முக்கியமானது. நம் ஊர் வலித் தைலங்களில் குப்பென்று அடிக்கிற வாசனையும் அதே சரக்குதான். அவர்களுக்கு அது சின்ன வயதில் குடித்த இனிப்புப் பானத்தின் வாசனை, நமக்கோ சுளுக்கு. இருந்தாலும் நன்னாரி சர்பத் குடித்து வளர்ந்தவர்கள் உடனே கைவிட வேண்டாம், வேர் வாசனை என்ற அளவில் ரூட் பியர் அதற்குத் தூரத்துச் சொந்தம்தான். உயரமான கண்ணாடித் தம்ளரில் வெனிலா ஐஸ்கிரீம் உருண்டையைப் போட்டு அதன்மேல் ரூட் பியரை ஊற்றித் தருவார்கள், நுரை பொங்கி வழியும். மூன்றாவது தடவை அப்படிக் குடித்தபோது எனக்குப் பிடித்துவிட்டது.

சரி, இதை ஏன் எழுதுகிறேன் என்றால், தெரிந்தவர்கள் யாராவது அமெரிக்கா போய்விட்டு வந்தால் என்ன சாப்பிட்டீர்கள் என்று கேட்பது என் வழக்கம். பர்கர், பீட்சா, பொரித்த கோழி, அப்புறம் நியூ ஜெர்சியில் எடிசன் என்ற ஊர்ப் பக்கம் ஒரு தோசை என்று பதில் வரும். அந்தப் பர்கரும் பீட்சாவும் அண்ணா சாலையிலேயே கிடைக்கிறதே, அதற்காக இருபது மணி நேரம் முழங்காலை மடக்கி உட்கார்ந்து போக வேண்டுமா? திருநெல்வேலி அல்வா, மணப்பாறை முறுக்கு என்று நாம் ஊரோடு சேர்த்துச் சொல்வதுபோல அங்கேயும் நல்ல சாப்பாடு எல்லாமே ஊர் பெயரோடு ஒட்டிக்கொண்டிருக்கிறது. அந்த ஊருக்குப் போய்ச் சாப்பிட வேண்டும். அது மட்டுமில்லை, நான் தேடிப் போய்ச் சாப்பிட்டதில் முக்கால்வாசி கையில் காசில்லாதவர்கள், மிச்சம் மீதியை வீணாக்காமல் எப்படி வயிற்றை நிரப்பலாம் என்று கண்டுபிடித்தவை. பணக்கார நாட்டின் ருசியான சாப்பாடெல்லாம் ஏழைச் சாப்பாடு என்பது எனக்கு ஆச்சரியமாகத்தான் இருந்தது.

டெக்சாஸின் ஆஸ்டினிலிருந்து தெற்கே ஐம்பது கிலோமீட்டரில் லாக்ஹார்ட் என்று ஒரு சின்ன ஊர். 1999இல் டெக்சாஸ் சட்டமன்றம் அதை டெக்சாஸின் பார்பெக்யூ தலைநகரம் என்று தீர்மானம் போட்டு அறிவித்தது. ஒரு சனிக்கிழமை காலை பத்தரைக்கெல்லாம் அத்தை மகன் அங்கே கூட்டிக்கொண்டு போனான். காரை விட்டு இறங்கும்போதே விறகுப் புகை. உள்ளே போனால் சுவரெல்லாம் பல வருடக் கரி, செங்கல் அடுப்பின் வாயில் தணல், அதன் பக்கத்திலேயே வரிசையில் நிற்க வேண்டும். நிற்கும்போது முழங்கால் வேகிறது. தட்டு கிடையாது. பழுப்புக் காகிதத்தை விரித்து அதில் இறைச்சியை வைத்து, கூடவே நாலு துண்டு வெள்ளை ரொட்டியும் ஊறுகாய் வெள்ளரியும் பச்சை வெங்காயமும் தூக்கிப் போட்டுச் சுருட்டிக் கொடுப்பார்கள்.

பிரிஸ்கெட் என்பது மாட்டின் நெஞ்சுப் பகுதி. நாள் முழுக்க உடம்பின் பாரத்தைத் தாங்குகிற தசை என்பதால் நார் நாராக, கயிறு மாதிரி இருக்கும். சாதாரணமாகச் சமைத்தால் பல் போய்விடும், அதனாலேயே மலிவாகக் கிடைத்த பகுதி. பத்தொன்பதாம் நூற்றாண்டில் இந்தப் பக்கம் குடியேறிய ஜெர்மானியர்களும் செக் நாட்டவர்களும் கசாப்புக்கடை வைத்தார்கள். குளிர்பெட்டி இல்லாத காலம், விற்காமல் மிஞ்சிய இறைச்சி கெட்டுப்போகாமல் இருக்கப் புகை போட்டார்கள். பருத்தி எடுக்க வந்த கூலியாட்கள் அதை வாங்கி, கடைவாசலிலேயே கட்டிக்கொடுத்த காகிதத்தை விரித்துக் கையால் சாப்பிட்டார்கள். இன்றைக்கும் அந்தக் காகிதம் போகவில்லை. 1900இல் தொடங்கிய கடை ஒன்று அந்த ஊரில் இருக்கிறது, ஊர்க்காரர்கள் கிரைட்ஸ் மார்க்கெட் என்று உச்சரிக்கிறார்கள். அங்கே சாஸும் கிடையாது, முள்கரண்டியும் கிடையாது என்பதையே நெடுங்காலம் பெருமையாகச் சொல்லிக்கொண்டிருந்தார்கள். கையால் சாப்பிடுவதற்கு நமக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை, அந்த மேசையில் என்னைவிட லாவகமாகச் சாப்பிட்டவர்கள் யாரும் இல்லை என்று அடித்துச் சொல்வேன்.

மசாலா என்றால் உப்பும் மிளகும்தான். போஸ்ட் ஓக் என்ற மர விறகில், தீ நாக்கு படாமல், ஏறக்குறைய 110லிருந்து 120 டிகிரி செல்சியஸ் சூட்டில், பன்னிரண்டு மணி நேரத்துக்கு மேல், சில கடைகளில் பதினெட்டு மணி நேரம்கூட வைக்கிறார்கள். இதில் ஒரு வேடிக்கை இருக்கிறது. இறைச்சியின் உள்சூடு எழுபது டிகிரியை நெருங்கும்போது அப்படியே நின்றுவிடும், மணிக்கணக்கில் ஏறாது. அடுப்பு அணைந்துவிட்டதோ என்று புதிதாகச் செய்கிறவர்கள் பதறிப்போய் விறகை அள்ளிப் போட்டுக் காரியத்தைக் கெடுப்பார்களாம். காரணம் நம் மண்பானைதான். பானையின் மேல் கசிகிற ஈரம் ஆவியாகித் தண்ணீரைக் குளிர்விக்கிறதே, அதே மாதிரி இறைச்சியின் ஈரம் ஆவியாகி அதைக் குளிர்வித்துக்கொண்டே இருக்கிறது. ஈரம் குறைந்த பிறகுதான் சூடு மறுபடி ஏறும். அதற்குள் அந்தக் கயிறு மாதிரி நாரெல்லாம் கரைந்து பாயா மாதிரி பிசுபிசுப்பாகிவிடும்.

வெட்டுகிறவர் நிமிர்ந்து பார்த்து ஒரே கேள்விதான் கேட்பார், கொழுப்போடா, கொழுப்பில்லாமலா? கொழுப்போடு என்று சொல்லுங்கள். டாக்டரை ஊருக்குப் போய்ப் பார்த்துக்கொள்ளலாம். பென்சில் கனத்துக்கு ஒரு துண்டு வெட்டி எடுத்தார். வெளிப்புறம் கரிக்கட்டை மாதிரி கறுப்பு, அதற்குக் கீழே ஒரு விரற்கடைக்கு ரோஜா நிறத்தில் ஒரு கோடு, மற்றதெல்லாம் பழுப்பு. கத்திமேல் வைத்துத் தூக்கியபோது இரண்டு பக்கமும் துவண்டு தொங்கியது, ஆனால் அறுந்து விழவில்லை. அதுதான் பதம் என்றான் அத்தை மகன். தானாக உதிர்ந்தால் அதிகம் வெந்துவிட்டது என்று அர்த்தமாம். சாப்பிட்டு முடிக்கும்போது காகிதம் எண்ணெய் குடித்துக் கண்ணாடி மாதிரி ஆகியிருந்தது, அடியில் மேசையின் மரக்கோடுகள் தெரிந்தன. விலை பவுண்டுக் கணக்கு, ஒரு பவுண்டு 450 கிராமுக்குக் கொஞ்சம் அதிகம். இரண்டு பேருக்கு ஒரு பவுண்டு தாராளம். மதியம் தாண்டிப் போனால் தீர்ந்துவிட்டது என்ற பலகை தொங்கும், அதனால் காலை டிஃபனைத் தள்ளிவிட்டுப் போங்கள். மாட்டிறைச்சி வேண்டாதவர்களுக்கு வான்கோழி இருக்கும். சாசேஜில் என்ன இறைச்சி என்று மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள், மாடும் பன்றியும் கலந்திருப்பது சாதாரணம்.

அடுத்தது நியூ ஆர்லியன்ஸ். அமெரிக்காவில் ஒரே ஒரு ஊரில்தான் சாப்பிட முடியும் என்று யாராவது நிபந்தனை போட்டால் நான் இதைத்தான் சொல்வேன்.

1862இலிருந்து இருக்கும் கஃபே டு மோன்ட் என்ற காபிக்கடை, ஆற்றங்கரைச் சந்தையில். அங்கே பென்யே என்று ஒரு பலகாரம். சதுரமாக வெட்டிய மாவை எண்ணெயில் போட்டால் தலையணை மாதிரி உப்பும், தட்டுக்கு மூன்று வைத்து மேலே சர்க்கரைப் பொடியைக் கொட்டுவார்கள். தூவுவார்கள் என்று எழுதினால் பொய். வாயருகே கொண்டுபோகும்போது மூச்சை உள்ளே இழுக்காதீர்கள், புரையேறும். வெளியே விடவும் செய்யாதீர்கள், எதிரில் இருப்பவர் வெள்ளையாகிவிடுவார். நான் அன்றைக்குக் கறுப்புச் சட்டை போட்டிருந்தேன், மாவுமில்லில் வேலை செய்துவிட்டு வந்தவன் மாதிரி அன்று முழுக்க ஊரைச் சுற்றினேன்.

ஆனால் என்னைப் பிடித்து உட்காரவைத்தது காபி. முதல் மிடறிலேயே ஏதோ தெரிந்த முகம். அடர்த்தி, அடித்தொண்டையில் ஒரு கசப்பு, பாதிக்குப் பாதி சூடான பால். சிக்கரி! அமெரிக்கா முழுக்க வெந்நீர் மாதிரி காபியைக் குடித்து நாக்கு செத்துப்போயிருந்தவனுக்கு, எண்பதுக்கு இருபது கலந்து அரைக்கச் சொல்லும் எங்கள் தெருமுனைக் காபித்தூள் கடை ஞாபகத்துக்கு வந்தது. காபிக்கொட்டை கிடைக்காத காலத்தில் சிக்கரி வேரை வறுத்துக் கலந்து சமாளிப்பது பிரெஞ்சுக்காரர்களின் பழைய வழக்கம். உள்நாட்டுப் போர் வந்து வடக்குப் படைகள் துறைமுகத்தை மறித்தபோது நியூ ஆர்லியன்ஸிலும் அதுவே கைகொடுத்தது என்று சொல்கிறார்கள். போர் முடிந்து கொட்டை தாராளமாக வந்த பிறகும் யாரும் சிக்கரியை விடவில்லை. பஞ்சத்துக்குச் சேர்த்தது ருசியாகிவிட்டது, நம் வீட்டிலும் அப்படித்தானே.

அங்கேயே இன்னொன்று கம்போ. அந்தப் பெயரே ஆப்பிரிக்காவின் பாண்டு மொழிகளில் வெண்டைக்காய்க்கு வழங்கும் சொல்லிலிருந்து வந்தது என்கிறார்கள். அடிமைகளாகக் கொண்டுவரப்பட்டவர்களின் வெண்டைக்காய், பிரெஞ்சுக்காரர்களின் ரூ, அந்த மண்ணின் சாக்டா மக்கள் கொடுத்த சாசஃப்ராஸ் இலைப் பொடி, எல்லாம் ஒரே சட்டியில். ஆமாம், ரூட் பியருக்கு வேர் கொடுத்த அதே மரம்தான். இலையில் அந்தச் சாஃப்ரோல் தொல்லை இல்லை. ரூ என்பது வேறொன்றுமில்லை, எண்ணெயில் மைதாவைப் போட்டு, சாக்லேட் நிறம் வரும்வரை அரை மணி முக்கால் மணி நேரம் கைவிடாமல் கிளறுவது. மைசூர்பாகு கிளறியவர்களுக்கு அந்தத் தோள்வலி தெரியும். நடுவில் போனை எடுத்தால் தீய்ந்து கறுப்புப் புள்ளி விழும், அத்தனையையும் கொட்டிவிட்டு முதலிலிருந்து தொடங்க வேண்டியதுதான். அதில் வெங்காயம், செலரி, குடைமிளகாய் வதக்கி, இறாலோ கோழியோ சாசேஜோ போட்டு, சோற்றின்மேல் ஊற்றித் தருவார்கள். நான் ஸ்பூனைத் தள்ளிவைத்துவிட்டுப் பிசைந்தே சாப்பிட்டேன். பக்கத்து மேசைப் பாட்டி பார்த்துவிட்டுச் சிரித்தாள், தவறாக இல்லை.

திங்கட்கிழமை அங்கே இருந்தால் சிவப்புப் பீன்ஸும் சோறும் சாப்பிடுங்கள். திங்கள் துணி துவைக்கிற நாள், ஞாயிறு மிஞ்சிய பன்றி எலும்போடு பீன்ஸை அடுப்பில் போட்டுவிட்டால் அது பாட்டுக்கு வேகும், பெண்கள் துணியைப் பார்க்கலாம். அந்த ஊரில் பிறந்த ஜாஸ் இசைக்கலைஞர் லூயி ஆம்ஸ்ட்ராங் தன் கடிதங்களின் அடியில் அன்புடன் என்று எழுதும் இடத்தில் இந்தப் பீன்ஸையும் சோற்றையும் வைத்துச் சிலேடையாகக் கையெழுத்துப் போடுவாராம். அப்புறம் போபாய். 1929இல் டிராம் ஊழியர்கள் வேலைநிறுத்தம் செய்தபோது, முன்னாள் கண்டக்டர்களான மார்ட்டின் சகோதரர்கள் தங்கள் கடையில் அவர்களுக்கு இலவசமாகச் சாப்பாடு போட்டார்கள். வேலையில்லாமல் வருகிறவரைப் பார்த்து, இதோ இன்னொரு பாவப்பட்ட பையன் வருகிறான் என்று சொல்லப்போய், நீள ரொட்டியில் இறைச்சி வைத்த அந்தச் சாண்ட்விச்சுக்கே புவர் பாய், அதாவது ஏழைப்பையன் என்று பெயராகிவிட்டது என்பது ஊர்க்கதை. பொரித்த இறால் வைத்தது வாங்குங்கள். டிரெஸ்ட் வேண்டுமா என்று கேட்டால் விழிக்காதீர்கள், கோஸ் மாதிரி இருக்கும் லெட்டூஸ், தக்காளி, ஊறுகாய் வெள்ளரி, மயோனைஸ் எல்லாம் போடவா என்று கேட்கிறார்கள்.

இதுவரை படித்த சைவக்காரர்கள் கடுப்பில் இருப்பீர்கள். என் மனைவி சைவம், முட்டை மட்டும் சாப்பிடுவாள். அவளோடு போன இரண்டாவது பயணத்தில்தான் எனக்கு இந்தப் பக்கம் தெரிய வந்தது. தெற்கு மாநிலம் ஒன்றில் ஒரு சாப்பாட்டுக் கடையில் பச்சை பீன்ஸ் பொரியல் மாதிரி ஒன்று கேட்டு, இது சைவம்தானே என்று இரண்டு தடவை உறுதி செய்துகொண்டு வாங்கினோம். பாதி சாப்பிட்டபின் அடியில் இளஞ்சிவப்பாக ஏதோ. பரிமாறியவரைக் கூப்பிட்டுக் காட்டினால், "அது பேக்கன்தான், சும்மா வாசனைக்குக் கொஞ்சம்" என்றார், சமாதானம் சொல்கிற குரலில். பேக்கன் என்றால் உப்பிட்டுப் பதப்படுத்திய பன்றி இறைச்சி. அவள் மீதி நாள் முழுக்க ஆப்பிள் தவிர எதையும் தொடவில்லை. அதிலிருந்து சைவமா என்று கேட்பதை விட்டுவிட்டோம். பேக்கன் இருக்கிறதா, இறைச்சி வேகவைத்த தண்ணீர் ஊற்றினீர்களா, பன்றிக் கொழுப்பில் வதக்கினீர்களா என்று பெயர் சொல்லிக் கேட்க வேண்டும். கீரை, பீன்ஸ், வெங்காய சூப், மூன்றிலும் ஆபத்து உண்டு. மார்ஷ்மெல்லோ மிட்டாயில், விலங்குகளின் தோல், எலும்பிலிருந்து எடுக்கிற ஜெலட்டின் இருக்கும்.

அவளுக்குப் பிடித்த இடம் டைனர். 1872இல் பிராவிடன்ஸ் என்ற ஊரில் வால்டர் ஸ்காட் என்பவர், பத்திரிகை அலுவலகத்தில் இரவு வேலை பார்ப்பவர்களுக்காகக் குதிரை வண்டியில் சாப்பாடு கொண்டுபோய் விற்றதில் தொடங்கியது இந்த வகைக் கடை. இப்போது மேசையும் நீளப் பலகையுமாக ஊருக்கு ஊர் இருக்கிறது. காலைச் சாப்பாடு நாள் முழுக்கக் கிடைக்கும். ஆனால் ஒரு முட்டை வாங்குவதற்குள் நேர்முகத் தேர்வு மாதிரி கேள்விகள். முட்டை எப்படி, திருப்பிப் போட்டா, போடாமலா, கரு கெட்டியாகவா? ரொட்டி வெள்ளையா, கோதுமையா, ரையா, புளித்த மாவா? உருளைக்கிழங்கு துருவியதா, துண்டுகளா? முதல் நாள் எல்லாவற்றுக்கும் "எது வசதியோ அது" என்று சொல்லி அந்த அம்மாவை எரிச்சல்படுத்தினேன். மறுநாளே ஒப்பிக்கப் பழகிவிட்டேன். காபி தீரத் தீர வந்து ஊற்றுவார்கள், அதற்குத் தனிக் காசு இல்லை. தண்ணிக் காபிதான், ஆனாலும் கேட்காமல் வந்து ஊற்றுகிறார்களே, அந்த உபசாரத்துக்காகவே குடிக்கலாம். மேப்பிள் மரத்தின் சாறைக் காய்ச்சி எடுத்த பாகு நிஜமானதா என்று கேளுங்கள். நாற்பது லிட்டர் சாறு வற்றி ஒரு லிட்டர் பாகாகிறது, அதனால் விலை அதிகம், பல இடங்களில் வெறும் சோளச் சர்க்கரைப் பாகைத்தான் வைத்திருப்பார்கள். பதநீர் காய்ச்சுவதைப் பார்த்தவர்களுக்கு வித்தியாசம் வாயில் வைத்ததும் தெரிந்துவிடும்.

மெனுவில் போட்டிருக்கும் விலை கடைசி விலை இல்லை. வரி சேரும், அதற்குமேல் பரிமாறியவருக்கு 15லிருந்து 20 சதவீதம் கொடுக்க வேண்டும். அது விருப்பம் என்று எழுதியிருந்தாலும் விருப்பம் இல்லை.

தெற்கே டீ என்று கேட்டால் ஐஸ் போட்ட சர்க்கரைக் கரைசல் வரும். சூடான டீ வேண்டும் என்று விளக்கிச் சொன்னால் ஒரு கோப்பை வெந்நீரும் பக்கத்தில் ஒரு பொட்டலமும். டீயை மறந்துவிடுங்கள். மது அருந்துபவர்கள் கென்டக்கியில் பர்பன் விஸ்கி பார்க்கலாம், குறைந்தது 51 சதவீதம் சோளம், உள்பக்கம் கருக்கிய புது ஓக் பீப்பாய் என்று சட்டமே இருக்கிறது. பாஸ்போர்ட்டைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள், பாதி தலை நரைத்த என்னிடமே இருபத்தொரு வயது ஆகிவிட்டதா என்று பார்த்தார்கள். சந்தோஷமாகத்தான் காட்டினேன்.

சிகாகோவின் ஆழத்தட்டு பீட்சா, 1943இல் பீட்சரியா உனோவில் வந்தது, ஒரு தடவை போதும். சொல்லிவிட்டு முக்கால் மணி நேரம் காத்திருந்தால் பாலாடைக்கட்டியில் ஒரு கிணறு வரும். நியூயார்க் மாநிலத்துப் பஃபலோ என்ற ஊரின் கோழி இறக்கை அப்படி இல்லை, சூப்புக்கு மட்டும் போட்டுக்கொண்டிருந்த இறக்கையை 1964இல் ஆங்கர் பார் என்ற கடையில் பொரித்து மிளகாய் சாஸும் வெண்ணெயும் புரட்டிக் கொடுத்ததில் தொடங்கியது. அந்த ஊரில் போய்த் தொட்டுக்கொள்ள ரான்ச் சாஸ் கேட்காதீர்கள், நீலப் பாலாடைக்கட்டிதான், முறைப்பார்கள். ஃபுளோரிடாவின் தென்கோடித் தீவுகளில் கீ லைம் பை என்ற இனிப்பு, பசும்பால் கிடைக்காத தீவில் டின் பாலையும் சின்ன எலுமிச்சைச் சாற்றையும் வைத்துச் செய்தது. நிறம் வெளிர்மஞ்சளாக இருக்க வேண்டும், பச்சையாக இருந்தால் சாயம்.

கடைசியாக ஒன்று, இதுதான் என் செல்லம். நியூ மெக்சிகோவில் ஹாட்ச் என்ற சின்னஞ்சிறு ஊர், மிளகாய்க்குப் பேர்போனது. மிளகாய் அந்தக் கண்டத்திலிருந்துதான் போர்ச்சுகீசியர்கள் கப்பல் வழியாக நமக்கே வந்தது, ஆகவே ஒருவகையில் பிறந்த வீட்டுப் பக்கம் போகிறோம். ஆகஸ்ட், செப்டம்பர் மாதங்களில் கடை வாசல்களில் கம்பிவலை உருளையைச் சுழலவிட்டு, கீழே எரிவாயுத் தீயைச் சீறவிட்டு, மூட்டை மூட்டையாகப் பச்சை மிளகாயைச் சுடுவார்கள். தோல் கருகி உரியும், இருமல் வராது, அந்த வாசனைக்கு வாயில் எச்சில்தான் ஊறும். உணவகத்தில் எதைக் கேட்டாலும், சிவப்பா பச்சையா என்று கேட்பார்கள், எந்த மிளகாய்ச் சாறு ஊற்றட்டும் என்று அர்த்தம். இதை அந்த மாநிலம் தன் அதிகாரபூர்வக் கேள்வியாகவே அறிவித்து வைத்திருக்கிறது. இரண்டும் வேண்டுமென்றால் கிறிஸ்துமஸ் என்று சொல்ல வேண்டும். மனைவி முட்டைமேல் பச்சை ஊற்றிச் சாப்பிட்டுவிட்டு, பயணத்தில் முதல் தடவையாக இன்னொரு தட்டு கேட்டாள். சாறில் பன்றி இறைச்சி இல்லை என்று உறுதி செய்த பிறகுதான்.

கிளம்பும்போது சுட்ட மிளகாய் ஒரு பெரிய பை வாங்கிப் பின்சீட்டில் வைத்தோம். மூன்று மணி நேரம் கண்ணாடியை இறக்கிவிட்டு ஓட்டியும் வாசனை போகவில்லை. இரவு பத்து மணிக்கு ஒரு மோட்டலில் அறை கேட்டு நின்றபோது எங்கள் துணியெல்லாம் புகை. வரவேற்பில் இருந்த பெரியவர் மூக்கை உறிஞ்சினார். அறை கிடையாது என்று சொல்லப்போகிறார் என்று நினைத்தேன். கணினியிலிருந்து கண்ணை எடுக்காமல், "காரமா, சுமாரா?" என்று கேட்டார்.

காரம் என்றோம். ஒரு கைப்பிடி அவருக்குக் கொடுத்துவிட்டுத்தான் சாவியை வாங்கினோம்.